ஏரிக்கரையில கட்டறதுக்கு முன்னாடி: கொடைக்கானல்ல எந்த ரூல் எங்க செல்லும், படிப்படியா முழு வழிகாட்டி

கொடைக்கானல்ல ஏரியை ஒட்டி இடம் வாங்கறவங்க, காட்டேஜ் கட்டறவங்க, பக்கத்துல யாரோ மண்ணை வெட்டறாங்கன்னு மனு எழுதறவங்க, அந்த மனுவைக் கையில வாங்குற வார்டு கவுன்சிலர், எல்லாரும் சிக்கறது ஒரே இடத்துலதான். ஒரு ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நம்பிடறாங்க. பட்டா இருக்கு, அதனால கட்டலாம். பஞ்சாயத்துல வீட்டு வரி ரசீது போட்டாச்சு, அதனால அப்ரூவல் ஆச்சு. மாஸ்டர் பிளான்ல குடியிருப்புன்னு இருக்கு, அதனால ஏரி ரூல் நமக்கு வராது. இந்த மூணுமே தப்பு. 2019ல உயர்நீதிமன்ற மதுரை கிளை உத்தரவு போட்டு, நகராட்சி வரிசையா கட்டடங்களுக்கு சீல் வச்சப்ப, கையில ஏதோ ஒரு பேப்பரோட நின்னவங்க நிறைய பேரு. அந்த ஏதோ ஒரு பேப்பர் பத்தாதுன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கொடைக்கானலை வச்சே சொல்றேன், ஊட்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும், வித்தியாசம் வர்ற இடத்துல சொல்லிடறேன்.

ஏன் இவ்வளவு குழப்பம்

கொடைக்கானல் ஏரி தானா உருவான ஏரி கிடையாது. 1863ல மதுரை கலெக்டரா இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறிச்சு கட்டினது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். இந்த வடிவத்தை சாதாரணமா எடுத்துக்காதீங்க. விரல் விரலா நீண்டு போறதால பரப்பளவை விட கரை நீளம் ரொம்ப ஜாஸ்தி, ஒவ்வொரு விரல் நுனியிலயும் மேல இருந்து ஒரு ஓடையோ ஊத்தோ வந்து சேரும், அந்த நுனிதான் சேறு தட்டி மேடாகி முதல்ல காணாம போற இடம். ஏரி நிரம்பி வழியற தண்ணிதான் மலைப்பாதையில வர்றப்ப நாம பாக்கற வெள்ளி நீர்வீழ்ச்சி. ஆக கரையில ஒருத்தர் வெட்டற செப்டிக் டேங்க் குழி அவரோட காம்பவுண்டுக்குள்ள மட்டும் முடியற சமாச்சாரம் கிடையாது.

இந்த ஏரியை நகராட்சி பாக்குது, படகு விடறதுல சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இருக்கு, 1890ல இருந்து போட் கிளப் இருக்கு, கரையைத் தாண்டின நிலம் வருவாய்த்துறை ரெக்கார்டுல இருக்கு, அங்க எதைக் கட்டலாம்னு சொல்றது நகர் ஊரமைப்புத்துறை, மரத்தை வெட்ட வனத்துறை, சரிவு தாங்குமான்னு பாக்க கனிமவளத்துறை. ஒவ்வொண்ணுக்கும் தனி சட்டம், தனி மேப், தனி ஆபீஸ், அதுலயும் பாதி ஆபீஸ் கீழ திண்டுக்கல்ல. உள்ளாட்சிக்காரங்களோட கவலையும் இதான். முடிவு எடுக்கறது ஏழு பேரு, ஆனா சரிவு சரிஞ்சா, ஏரியில கழிவு கலந்தா, கோர்ட்டு கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியது நகராட்சி ஆணையரும் கவுன்சிலும்தான்.

படி 1: தண்ணியோட எல்லையில இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் பத்திரத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. நீங்க நீர்நிலையோட எல்லையில இருந்து ஆரம்பிங்க, ஏன்னா இது தப்பா போச்சுன்னா மத்த எந்தப் படியும் உங்களைக் காப்பாத்தாது. இந்தப் படிக்கு ஒரு வாரம் போனாலும் பரவால்ல.

பஞ்சாயத்து பகுதின்னா வேண்டியது நாலு: பட்டா சிட்டா, ஏ-ரெஜிஸ்டர் (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு எழுதியிருக்கற கிராமப் பதிவேடு) எக்ஸ்ட்ராக்ட், எஃப்எம்பிங்கற புலப்படம், வில்லங்கச் சான்று. முதல் மூணும் வருவாய்த்துறையோட இ-சர்வீஸ் சைட்லயே எடுக்கலாம், வில்லங்கம் பதிவுத்துறை சைட்ல. நகராட்சிக்குள்ளன்னா சர்வே நம்பருக்குப் பதிலா வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர் வரும், அதுக்கு நகர நில அளவைப் பதிவேடு கேளுங்க.

இப்ப எஃப்எம்பியை விரிச்சு வச்சுக்கோங்க. நடுவுல உங்க நிலம், உள்ள சப்-டிவிஷன் கோடுங்க, ஒவ்வொரு கோட்டுமேலயும் மீட்டர்ல அளவு. எல்லாரும் அந்த அளவையும் பரப்பையும் பாத்துட்டு மடிச்சு வச்சுடுவாங்க. நீங்க கோட்டுக்கு வெளிய பாருங்க. சுத்தி எழுதியிருக்கற நம்பருங்கதான் உங்க பக்கத்து சர்வே நம்பருங்க. ஒவ்வொண்ணையும் ஏ-ரெஜிஸ்டர்ல தேடுங்க. ஒண்ணுல 'ஏரி', இன்னொண்ணுல 'ஓடை புறம்போக்கு', இன்னொண்ணுல 'பாதை'ன்னு வரலாம். நிலத்துக்குள்ளயே ஓடை போகுதுன்னா அதுவும் படத்துல இருக்கும். இன்னைக்கு அந்த இடத்துல போய் நின்னா ஓடையே தெரியாது, மேல கல்லு போட்டு மூடி செடி வச்சிருப்பாங்க, மழை பேஞ்சா மட்டும் சத்தம் கேக்கும். ஸ்கெட்ச்சுல ஓடை இருக்குன்னா சட்டத்தோட கண்ணுக்கு அது ஓடைதான்.

இன்னொண்ணு, யுடிஆர்ங்கற நிலப் பதிவேடு புதுப்பிக்கற திட்டத்துல பட்டா குடுத்தப்ப பல ஊர்ல நம்பர் மாறியிருக்கு. அதனால யுடிஆருக்கு முந்தின பழைய செட்டில்மென்ட் ரெஜிஸ்டர்லயும் அந்த நம்பர் என்னவா இருந்துச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க. பழைய பதிவேட்டுல நீர்நிலை, புது பதிவேட்டுல தனியார் பட்டான்னு வந்தா அந்த இடத்தை விட்டு விலகிடறதுதான் என்னோட நேர்மையான ஆலோசனை. நீர்நிலை புறம்போக்குக்குக் குடுத்த பட்டா கோர்ட்டுல நிக்கறது ரொம்பக் கஷ்டம்.

கடைசியா சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து கல்லு ஊணச் சொல்லுங்க. அளக்கறப்ப ஏரி பக்க எல்லையை, ஏரியோட எஃப்எம்பியையும் சேர்த்து வச்சு பாக்கச் சொல்லுங்க. ரெண்டு படமும் ஒரே கோட்டுல சேரலைன்னா அங்கேயே நிறுத்துங்க.

படி 2: நிக்கறது நகராட்சியா, ஊராட்சியா

கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா கொடைக்கானல் நகராட்சி முடியற இடத்துல வில்பட்டி ஊராட்சி ஆரம்பிக்குது, அட்டுவம்பட்டி, பள்ளங்கி பக்கம்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரூல் அந்தப் பக்கம் ஒரு ரூல். நகராட்சிக்குள்ள 2023 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதோட விதிகளும் நடைமுறையில இருக்கு, அதுக்கு முன்னாடி 1920ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டமும் மலைநகரங்களுக்கான 1993 கட்டட விதிகளும். பழைய அப்ரூவலை நம்பி இடம் வாங்கறீங்கன்னா அது எந்தச் சட்டத்துல எந்தத் தேதியில குடுத்தது, எவ்வளவு நாள் செல்லும்னு பாருங்க.

ஊராட்சியில தலைவர் கையெழுத்து இருந்தா போதும்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. மலைப்பகுதி பாதுகாப்பு லிஸ்ட்ல இருக்கற கிராமத்துல ஊராட்சி மட்டும் தனியா அனுமதி குடுக்க முடியாது. திண்டுக்கல் மாவட்ட ஊராட்சிகள்ல 2025 ஜனவரி 5ஓட தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தாங்க, அதனால கையில இருக்கற ஊராட்சி பேப்பர்ல கையெழுத்து போட்ட தேதியில யாருக்கு அதிகாரம் இருந்துச்சுன்னும் சேர்த்துப் பாருங்க.

படி 3: மாஸ்டர் பிளான்ல என்ன மண்டலம்

மண்டலம்னா அந்த இடத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்ங்கறது: குடியிருப்பு, வணிகம், பொதுப் பயன்பாடு, விவசாயம் இப்படி. 1971ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துல வர்றது. கொடைக்கானல் பல வருஷம் 1993 மாஸ்டர் பிளான் மேலதான் ஓடுச்சு, அந்த பிளான் போட்டப்ப இருந்த ஊரு வேற, இப்ப இருக்கற ஊரு வேற.

உங்க சர்வே நம்பரைக் குறிப்பிட்டு 'நில உபயோக விவரம்' எழுத்துல கேளுங்க. வாய்ல சொல்றதை வச்சு ஒரு செங்கல் கூட வாங்காதீங்க. குடியிருப்பு மண்டலத்துல வீடுன்னு பிளான் வாங்கிட்டு ஹோம்ஸ்டே, காட்டேஜ், லாட்ஜ்னு வாடகைக்கு விடறதுதான் இங்க நடக்கற பெரிய மீறல், அதைப் பயன்பாட்டு மாற்றம்னு சொல்லித்தான் நடவடிக்கை எடுப்பாங்க. அந்தச் சட்டத்தோட 56, 57வது பிரிவுல நிறுத்தவும், சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கு.

முக்கியமா ஒண்ணு: மண்டலம் குடியிருப்புன்னு இருந்தா அங்க எந்தப் பயன்பாடு வரலாம்னுதான் அது சொல்லுது, ஏரிக்கு எவ்வளவு கிட்ட வரலாம்னு அது சொல்லல. அதை வேற ரூல் சொல்லும். ஓவர்லாப்னு எல்லாரும் பேசற பிரச்சினை ஆரம்பிக்கறது இங்கதான், ரெண்டு கேள்விக்கு ஒரே பதிலை வச்சு ஓட்டப் பாக்கறது.

படி 4: ஹாக்கா

மலையிடப் பாதுகாப்புக் குழுமம், ஊர்ல சொல்றது ஹாக்கா, 1990ல அரசாணை மூலமா வந்தது. லிஸ்ட்ல இருக்கற கிராமங்கள்ல கட்டடம், லேஅவுட்டுன்னு எது பண்ணாலும் இதோட சம்மதம் வேணும். கலெக்டர் தலைமையில மாவட்ட அளவுல பாப்பாங்க. அதுக்கு முன்னாடி வேளாண் பொறியியல் துறை மண்ணு சரியுமான்னு பாக்கணும், கனிமவளத்துறையோட புவியியலாளர் சரிவு தாங்குமான்னு பாக்கணும், வனத்துறை காட்டுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்னு பாக்கணும். மூணும் தனித்தனியா ஆள் வந்து பாத்துட்டு போறது, மழைக்காலத்துல இழுக்கும், அதனால காலத்தைக் கணக்குப் போட்டு ஆரம்பிங்க.

நீலகிரியில கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. சரிவுல கட்டறப்ப உயரத்தை எந்தப் பக்கத்துல இருந்து அளக்கறாங்கங்கறது பெரிய சண்டை, ரோட்டுப் பக்கம் ஒரு மாடி மாதிரி தெரியும், ஏரிப் பக்கம் போய் பாத்தா மூணு மாடி இறங்கியிருக்கும். உங்க பிளான்ல ஏரிப் பக்க எலிவேஷனையும் (வெளித்தோற்றப் படம்) செக்ஷனையும் (குறுக்குவெட்டுப் படம்) கண்டிப்பா வரையச் சொல்லுங்க, எதிர்த்து மனு போடறவங்களும் முதல்ல அந்த ரெண்டு படத்தைத்தான் கேக்கணும்.

படி 5: ஈரநில விதி, இங்கதான் நிதானமா படிக்கணும்

2017ல மத்திய அரசு கொண்டு வந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகள்ல, முந்தின பத்து வருஷத்து சராசரி உயர் வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாதுன்னு இருக்கு. ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டறது, சுத்திகரிக்காத கழிவு விடறது எல்லாம் தடை. கவனிங்க, 50 மீட்டரை இன்னைக்கு தண்ணி நிக்கற இடத்துல இருந்து அளக்கக்கூடாது. கோடையில தண்ணி இறங்கினப்ப டேப் பிடிச்சுட்டு 'அறுபது மீட்டர் இருக்கு சார்'னு சொல்றது செல்லாது.

ஆனா இந்த விதி ராம்சர்ங்கற சர்வதேச ஈரநில ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கற இடங்களுக்கும் மாநில அரசு அறிவிக்கை பண்ணின ஈரநிலங்களுக்கும்தான் நேரா பொருந்தும். அதுலயும் ஈரநிலம்ங்கற விளக்கத்துல சிலதை வெளிய வச்சிருக்காங்க: குடிநீருக்குன்னே மனுஷன் கட்டின நீர்நிலை, பாசனத்துக்குன்னும் பொழுதுபோக்குக்குன்னும் கட்டின அமைப்பு. இப்ப யோசிச்சுப் பாருங்க, கொடைக்கானல் ஏரி கட்டினது, ஊட்டி ஏரியும் ஜான் சல்லிவன் 1820கள்ல கட்டினது. கட்ட நினைக்கறவரோட வக்கீல் 'இது பொழுதுபோக்குக்குக் கட்டின ஏரி, 50 மீட்டர் எங்களுக்கு இல்ல'ன்னு வாதாடுவாரு. இன்னொரு பக்கம் உச்சநீதிமன்றம் 2017ல, 2.25 ஹெக்டேருக்கு மேல இருக்கறதா கணக்கெடுத்த 2,01,503 ஈரநிலங்களையும் அறிவிக்கை ஆகலைன்னாலும், முந்தின 2010 ஈரநில விதிகளோட 4வது விதியில இருக்கற கொள்கைப்படி காப்பாத்தணும்னு சொல்லியிருக்கு. நம்ம ஏரி 60 ஏக்கர், அதாவது 24 ஹெக்டேர் கிட்ட.

அப்ப என்ன பண்றது? அகமதாபாத்ல இருக்கற இஸ்ரோ மையம் போட்ட ஈரநில அட்லஸ்ல உங்க ஏரி இருக்கான்னு பாருங்க. இருக்கற தகவலை வச்சு மாநில ஈரநில ஆணையத்துக்கும் கலெக்டருக்கும் 'இந்த நீர்நிலையோட நிலை என்ன, உயர் வெள்ள மட்டம் எங்க'ன்னு எழுதிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் 50 மீட்டர் இருக்குன்னு வச்சுக்கிட்டே நடந்துக்கோங்க. சட்டத்துல ஒரு சந்து இருக்குன்னு கண்டுபிடிச்சு அதுல ஒரு கோடி ரூபாய் கட்டடத்தை நுழைக்கறது புத்திசாலித்தனம் இல்லைங்க, ஏரிக்கும் நல்லதில்ல.

இந்த சந்தேகத்தை நகராட்சியே நினைச்சா முடிச்சு வைக்கலாம், அதைக் கடைசிப் படியில சொல்றேன்.

படி 6: மரம், காடு, மெஷினு

மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ல இருந்தே இருக்கு, சொந்த நிலத்து மரம்னாலும் குழு அனுமதி வேணும். ஜேசிபியோ போர்வெல் வண்டியோ தனி அனுமதி இல்லாம மலையில இறக்கக்கூடாது, ராத்திரி ராத்திரியா வெட்டிட்டா தெரியாதுன்னு நினைக்கறது சரிவு மேல இருக்கற வீட்டுக்காரங்களோட உசுரோட விளையாடறது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013ல அறிவிச்சது, பேரிஜம் பக்கம், மன்னவனூர் பக்கம் நிலம்னா வன எல்லைக் கல்லுக்கும் உங்க எல்லைக்கும் நடுவுல இருக்கற தூரத்தை வனத்துறைகிட்ட எழுத்துல வாங்குங்க. லாட்ஜ், ரிசார்ட்டுன்னா மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட சம்மதமும் சேரும்.

படி 7: ரூலும் ரூலும் மோதினா எது ஜெயிக்கும்

நடைமுறையில ஒரே பதில், எது கடுமையோ அதைப் பிடிங்க. ஒரு ஆபீஸ் குடுத்த அனுமதி இன்னொரு ஆபீஸோட தடையை ரத்து பண்ணாது. மேல இருந்து விலக்கு வாங்கிட்டா சரியாயிடும்னு நினைக்கறவங்களுக்கு நம்ம ஊர் கேஸே இருக்கு. 1990கள்ல கொடைக்கானல்ல ஒரு ஹோட்டல், ரெண்டு தளத்துக்குத்தான் அனுமதி, எழுப்பினது ஏழு. 1994ல அரசே விதியில இருந்து விலக்கு குடுத்து ஆணை போட்டுச்சு. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் கோர்ட்டுக்குப் போச்சு, உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து பண்ணுச்சு, 1995ல உச்சநீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. ஊர்க்காரங்க சேர்ந்து நடத்தின ஒரு அமைப்பு பேப்பரை ஒழுங்கா வச்சுக்கிட்டு போனதால நடந்தது அது.

ஆக்கிரமிப்பை எடுக்கறதுலயும் இதே குழப்பம். பொதுப்பணித்துறை ஏரின்னா 2007ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். வருவாய் புறம்போக்குன்னா 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். நகராட்சி சொத்துன்னா நகராட்சிச் சட்டம். தப்பான சட்டத்துல நோட்டீஸ் குடுத்தா எதிர்த்தரப்பு முதல் ஹியரிங்லயே தடை வாங்கிட்டு போயிடும், அப்புறம் வருஷக்கணக்கா அந்தக் கட்டடம் அப்படியே நிக்கும். அதனால யாரோட ஏரின்னு முதல் படியில ரெக்கார்டு பாக்கறப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

படி 8: எதிர்த்துக் கேக்கணும்னா

முதல்ல ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில். 'அனுமதி குடுத்தீங்களா'ன்னு பொதுவா கேட்டா 'தகவல் இல்லை'ன்னு ஒரு வரி வரும். இப்படிக் கேளுங்க: இந்த சர்வே நம்பருக்குக் குடுத்த கட்டட அனுமதி நகல், அனுமதிச்ச வரைபடம் செக்ஷனோட, ஹாக்கா நடவடிக்கைக் குறிப்பு, கனிமவளத்துறை ஆய்வறிக்கை, நில உபயோக மாற்ற உத்தரவு. ஒவ்வொரு ஆபீஸுக்கும் தனித்தனி மனு. ஒரே மனுவுல எல்லாத்தையும் போட்டா அங்க இங்கன்னு சுத்தும்.

போட்டோ எடுக்கறப்ப ஒரே இடத்துல நின்னு தேதியோட வாராவாரம் எடுங்க, பின்னாடி மாறாத ஒரு பாறையோ கம்பமோ ஃபிரேம்ல இருக்கட்டும். அப்புறம் ஆணையருக்கும் வருவாய் கோட்டாட்சியரான ஆர்டிஓவுக்கும் பதிவுத்தபால். ஊராட்சின்னா கிராம சபையில தீர்மானம் போட வைங்க, வருஷத்துக்கு ஆறு நாள் நடக்கும், அதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நகராட்சின்னா வார்டு மக்கள் கூடுற பகுதி சபா.

மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகற நேரத்தைத் தவற விடவே விடாதீங்க. ஆட்சேபணை குடுக்க காலக்கெடு போட்டிருப்பாங்க, அந்தக் காலத்துக்குள்ள ஒருத்தர் எழுதற ஒரு பக்கக் கடிதத்துக்கு இருக்கற மதிப்பு அப்புறம் நூறு பேர் போடற தர்ணாவுக்குக் கிடைக்காது.

படி 9: கவுன்சிலர்களுக்கும் ஊராட்சிக்காரங்களுக்கும்

உங்களுக்கு சட்டம் மாத்த அதிகாரம் இல்ல, ஆனா ஒரு மேப் போட அதிகாரம் இருக்கு. ஏரியைச் சுத்தி இருக்கற ஒவ்வொரு சர்வே நம்பரையும் ஒரே படத்துல வச்சு, மேல வருவாய் எல்லை, உயர் வெள்ள மட்டம், 50 மீட்டர் கோடு, மண்டலம், ஓடை, சரிவு எல்லாத்தையும் அடுக்கிப் போடச் சொல்லி தீர்மானம் கொண்டு வாங்க. உயர் வெள்ள மட்டத்தைக் குறிச்சுக் குடுக்கச் சொல்லி நீர்வளத்துறையைக் கேளுங்க, கரையில கல்லு ஊணுங்க. ஏரியை ஈரநிலமா அறிவிக்கச் சொல்லியும் மாநில ஆணையத்துக்கு தீர்மானம் அனுப்புங்க, விளக்கத்துல இருக்கற அந்த சந்து அப்பதான் அடைபடும். பக்கத்து ஊராட்சியையும் சேர்த்துக்கோங்க, ஏரிக்கு வர்ற ஓடை வார்டு எல்லையைப் பாத்து ஓடறதில்ல.

ஊட்டிக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல. அங்க பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கற இடம் ஒரு காலத்துல ஏரி. கோடப்பமந்து கால்வாயில வர்ற கழிவு இன்னைக்கும் மிச்சம் இருக்கற ஏரிக்குத்தான் போகுது. தனித்தனியா பாத்தா ஒவ்வொரு அனுமதிக்கும் அந்தந்த நேரத்துல ஒரு நியாயம் இருந்திருக்கும், சேர்த்து யாரும் பாக்கல.

கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தா: கட்டட அனுமதி சம்பந்தப்பட்டதுன்னா திண்டுக்கல் மாவட்டத்துக்கு உயர்நீதிமன்ற மதுரை கிளை, நீலகிரிக்கு சென்னை. ஏரியில கழிவு, ஈரநிலம் மாதிரி சுற்றுச்சூழல் சட்டம்னா சென்னையில இருக்கற பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு. அங்க 14வது பிரிவுல போற மனுவுக்கு பிரச்சினை ஆரம்பிச்ச தேதியில இருந்து ஆறு மாசம்தான், தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள் குடுப்பாங்க. ஆர்டிஐ பதிலுக்குக் காத்திருக்கற நாளும் அதுக்குள்ளதான் ஓடும், அதனால மண்ணு வெட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க.